கணக்கு நிறுவனத்துக்குப் பழைய பாக்கி: குறைத்துப் பேச முடியுமா?

தேக்கா (சிங்கப்பூர்) கடைக்காரர்:
ஜிஎஸ்டி சேர்த்து 8,720 வெள்ளி பில். ஐந்து மாதமாக நிற்கிறது. 5,450தான் தேறும். எப்படிப் பேசுவது?

கணக்குப்பிள்ளை:
எந்த வேலைக்கு எவ்வளவு என்று முதலில் விவரம் கேளுங்கள். ஒப்பந்தக் கடிதத்தில் இல்லாத வேலை பில்லில் ஏறியிருந்தால் அதைப் பிடியுங்கள். "கையில் காசில்லை" என்பதைவிட அது எடுபடும். 4,900ல் ஆரம்பித்து, "ஒப்புக்கொண்ட ஏழு நாளில் மொத்தமாக பேநவ்" (உடனடி வங்கிப் பரிமாற்றம்) என்று சொல்லுங்கள். தவணை கேட்டால் தள்ளுபடி சுருங்கிவிடும்.

சட்டப்புள்ளி:
அண்ணே, பேச்சு முடியாமல் பாதிப் பணத்தைப் போட்டுவிடாதீர்கள். நிறுவனம் அதை வாங்கிக்கொண்டு மீதியையும் கேட்கலாம். வெறும் வாய்ச்சொல் தள்ளுபடி சட்டத்தில் பெரும்பாலும் நிற்காது. போதாததற்கு, பாதிப் பணம் கட்டினால் அவர்கள் வழக்குப் போடும் ஆறாண்டுக் கெடுவும் மறுபடி முதலிலிருந்து ஓடும். பேரக் கடிதத்தின் தலையில் 'வித்தவுட் பிரஜுடிஸ்' (பேரத்தில் சொன்னதைப் பின்னர் வழக்கில் ஆதாரமாகக் காட்டக்கூடாது என்று பொருள்) போடுங்கள். உடன்பாட்டில் பில் எண், தொகை, தேதி, "முழுமையான இறுதித் தீர்வு" என்ற வாசகம், இருதரப்புக் கையெழுத்து. 'டீட்' (முறைப்படி கையெழுத்திட்ட சட்டப் பத்திரம்) ஆக எழுதினால் இன்னும் பலம். 20,000 வெள்ளிக்குள் என்பதால் அவர்கள் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் போகலாம். அங்கே வக்கீல் வைக்க முடியாது, அதற்கும் தயாராக இருங்கள்.

(வக்கீல் பில் என்றால் கதை வேறு: கட்டணம் நியாயமா என்று 12 மாதத்துக்குள் நீதிமன்ற மதிப்பீடு கேட்கலாம்.)

கணக்குப்பிள்ளை:
ஒன்று விட்டுப்போச்சு. கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்ததற்கான சீட்டு) கேட்டு வாங்குங்கள். 5,450ல் கட்டணம் 5,000, ஜிஎஸ்டி 450. பழைய பில்லின் ஜிஎஸ்டி 720ஐ முன்பே வரித்துறையிடம் திரும்பக் கோரியிருந்தால், அடுத்த ஜிஎஸ்டி கணக்கில் வித்தியாசம் 270ஐக் கழித்துக் காட்டவேண்டும்.