உப்புத் தண்ணீரில் போட்ட உருளைக்கிழங்கு சுருங்காமல் எடை கூடிவிட்டது, எங்கே தவறு?

கேட்டவர்:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். சவ்வூடுபரவல் (செல்லின் சவ்வு வழியே நீர் உள்ளே, வெளியே போவது) பாடத்துக்கு எல்லோரும் செய்கிற அதே உருளைக்கிழங்கு சோதனையைத்தான் செய்தேன். தோல் சீவி, பென்சில் பருமனில் 5 செ.மீ. நீளத் துண்டுகளாக வெட்டி, ஒன்றை வெறும் தண்ணீரிலும் இன்னொன்றை உப்புத் தண்ணீரிலும் ஒரு மணி நேரம் ஊறவிட்டோம். வெறும் தண்ணீரில் போட்டது 4.1 கிராமிலிருந்து 4.6 ஆனது, அது சரி. உப்புத் தண்ணீரில் போட்டதும் 4.0-லிருந்து 4.2 ஆகிவிட்டது! "உப்புத் தண்ணீரில் செல் சுருங்கும்" என்று பத்து நிமிடம் முன்னால்தான் பலகையில் எழுதிப்போட்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து "அப்போ பாடம் தப்பா?" என்று கேட்டான், பதில் சொல்ல முடியவில்லை. மறுநாளும் செய்து பார்த்தேன், அதே கதை. கிழங்கில் கோளாறா, நான் செய்ததில் கோளாறா? யாராவது சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை அந்த வகுப்புக்குத் திரும்பப் போக வேண்டும்.

முதல் பதில்:
துண்டைத் துடைக்காமல் எடை போட்டிருப்பீர்கள் டீச்சர். மேலே ஒட்டியிருக்கும் தண்ணீரே 0.1, 0.2 கிராம் வரும். ஊறவைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி வடிதாளில் ஒற்றி எடுத்துவிட்டு நிறுத்துப் பாருங்கள். அழுத்திப் பிழியக் கூடாது, ஒற்றினால் போதும்.

கேட்டவர்:
ஒற்றித்தான் எடுத்தோம் சார், இரண்டு முறையும். துண்டைத் தொட்டாலும் விறைப்பாகத்தான் இருக்கிறது, வளைத்தால் வளையவில்லை. எடை பொய் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இரண்டாம் பதில்:
உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு?

கேட்டவர்:
ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, 5 கிராம் இருக்கும்.

இரண்டாம் பதில் சொன்னவர்:
அப்படியென்றால் உங்கள் சோதனையில் தவறே இல்லை. கிழங்கு சரியாகத்தான் நடந்துகொண்டது, பலகையில் எழுதிய வரிதான் அரைகுறை.

நீங்கள் கலக்கியது 0.5 சதவீதக் கரைசல். கிழங்குச் செல்லுக்குள் இருப்பதும் வெறும் தண்ணீர் இல்லையே, அங்கேயும் சர்க்கரைகள், பொட்டாசியம் உப்புகள், அமிலங்கள் எல்லாம் கரைந்திருக்கின்றன. அவற்றை மொத்தமாக எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 0.9 முதல் 1 சதவீத உப்புக் கரைசலுக்குச் சமமான அளவில் வரும், கிழங்குக்குக் கிழங்கு கொஞ்சம் மாறும். உங்கள் பாத்திரத்தில் இருந்தது அதைவிட நீர்த்த கரைசல். வாயில் வைத்தால் கரிக்கும்தான், ஆனால் செல்லின் கணக்கில் அது இன்னும் 'தண்ணீர்ப் பக்கம்'தான், அதனால் நீர் உள்ளே போனது. வெறும் தண்ணீரில் போட்ட துண்டு 12 சதவீதம் கூடியது, இது 5 சதவீதம்தான் கூடியது, கவனித்தீர்களா? உப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது, உள்ளே போகும் நீரைக் குறைத்திருக்கிறது. திசையைத் திருப்பும் அளவுக்கு அது போதவில்லை, அவ்வளவுதான்.

ஹைபோடானிக் (செல்லைவிட நீர்த்தது), ஹைபர்டானிக் (செல்லைவிட அடர்ந்தது) என்ற சொற்களைப் பிள்ளைகள் கரைசலுக்கு வைத்த பெயராக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். எதைவிட என்று கேட்காமல் அந்தச் சொற்களுக்குப் பொருளே இல்லை. அந்தப் பையன் கேட்ட கேள்வி மிக நல்ல கேள்வி, வகுப்பில் அவனைப் பாராட்டிச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை ஒரே கரைசலோடு நிற்காமல் 0, 0.5, 1, 1.5, 2, 3 சதவீதம் என்று ஆறு பாத்திரம் வையுங்கள். 100 மி.லி. கரைசலில் 2 கிராம் உப்பு இருந்தால் 2 சதவீதம், அந்தக் கணக்குதான். இன்னொன்று, உங்கள் தராசு 0.1 கிராம் வரைதான் காட்டும் என்று நினைக்கிறேன். 4 கிராம் துண்டில் 0.1 பிசகினாலே 2.5 சதவீதம் பிசகிவிடும். ஒவ்வொரு பாத்திரத்திலும் ஐந்து துண்டு போட்டு, ஐந்தையும் சேர்த்து நிறுங்கள். எடை மாற்றத்தைச் சதவீதமாக்கி வரைபடம் போட்டால் கோடு ஓரிடத்தில் பூஜ்யத்தைக் கடக்கும். கிழங்குக்கு ஐசோடானிக் கரைசல், அதாவது செல்லுக்குள் இருப்பதற்குச் சமமான கரைசல், எது என்பதைப் பிள்ளைகளே அங்கே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூன்றாம் பதில்:
மேலே சொன்னது முழுக்கச் சரி, ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். "உப்பு தண்ணீரை இழுக்கிறது" என்று தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள், நானும் பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். சவ்வின் இரண்டு பக்கமும் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் போய்வந்துகொண்டேதான் இருக்கின்றன, சமநிலை வந்த பிறகும் அது நிற்பதில்லை. கரைபொருள் அதிகமுள்ள பக்கத்திலிருந்து கிளம்பும் நீர் குறைவு, மறுபக்கத்திலிருந்து வருவது அதிகம், மிச்சம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதைத்தான் நாம் சவ்வூடுபரவலாகப் பார்க்கிறோம். இந்தப் போக்குவரத்துக்குப் பல செல்களில் தனி வாசலே இருக்கிறது, அக்வாபோரின் என்ற புரதம். அதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அப்புறம், யாராவது சர்க்கரையில் செய்து பார்க்கலாம் என்று கேட்டால் அளவு மாறும் என்று சொல்லிவையுங்கள். லிட்டருக்கு 9 கிராம் உப்பு செய்கிற வேலைக்கு ஏறக்குறைய 100 கிராம் சர்க்கரை வேண்டும். எடை முக்கியமில்லை, எத்தனை துகள் மிதக்கிறது என்பதுதான் கணக்கு. சர்க்கரை மூலக்கூறு கனமானது, கரைந்தாலும் ஒன்றாகவே இருக்கும். உப்பு சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிந்துவிடும். நரம்பில் ஏற்றும் சலைன் 0.9 சதவீதமாக இருப்பதற்கும் இதே கணக்குதான் காரணம், அது ரத்தச் செல்லோடு ஒத்துப்போகிற அளவு. வெறும் தண்ணீரில் விட்டால் சிவப்பணு ஊதி வெடித்துவிடும். கிழங்குச் செல் வெடிக்காது, வெளியே செல்சுவர் இருக்கிறதல்லவா, அது தாங்கிப் பிடிப்பதால் விறைப்போடு நின்றுவிடும். நீங்கள் வளைத்தபோது கையில் தெரிந்தது அந்த விறைப்பழுத்தம்தான்.

கேட்டவர்:
இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு நாளாக 'எதைவிட' என்ற கேள்வியே எனக்குத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. துண்டுகளை ராத்திரி முழுக்க ஊறவிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியுமா? வெங்காயத் தோலில் பிளாஸ்மோலைசிஸ் (நீர் வெளியேறி, செல்லின் உள்பகுதி சுவரைவிட்டுச் சுருங்குவது) காட்டவும் முயன்றேன், நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாகச் சுவர் தெரிந்ததே தவிர உள்ளே எதுவும் சுருங்கியதாகத் தெரியவில்லை.

இரண்டாம் பதில் சொன்னவர்:
ராத்திரி முழுக்க வேண்டாம். அடர்ந்த கரைசலில் நெடுநேரம் கிடந்தால் செல் செத்துவிடும். செத்த செல்லின் சவ்வு எதையும் தடுக்காது, உப்பும் உள்ளே போகும், உள்ளே இருந்ததும் வெளியே கசியும், அப்புறம் வருகிற எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரு மணி நேரமே போதும். வேண்டுமென்றால் வேகவைத்த துண்டு ஒன்றைத் தனியாக வைத்துப் பாருங்கள், உயிருள்ள சவ்வு இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

வெங்காயத்துக்கு ஊதா நிறத்தில் உள்ளதை எடுங்கள். வெள்ளையில் எல்லாமே நிறமில்லாமல் இருப்பதால் சுருங்கினாலும் கண்ணுக்குப் படாது. நிறமுள்ள இதழின் வெளிப்புறத் தோலை உரித்து, ஒரு சொட்டு தண்ணீரில் ஸ்லைடு போட்டு முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு கவர்ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் 5 சதவீத உப்புக் கரைசலைச் சொட்டு சொட்டாக விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து உறிஞ்சுங்கள். சில நிமிடத்தில் ஊதா நிறம் சுவரைவிட்டு விலகி நடுவில் ஒதுங்குவது தெரியும். அங்கேயே நிறுத்திவிடாமல் அதே முறையில் தண்ணீரை விட்டுக் கழுவுங்கள். உயிரோடு இருந்தால் நிறம் மெல்ல விரிந்து மறுபடி சுவரைத் தொடும்.

கேட்டவர் (ஒரு வாரம் கழித்து):
வெள்ளிக்கிழமை செய்துவிட்டோம். 0.5-இல் கூடியது, 1-இல் கொஞ்சம் குறைந்தது, 3-இல் துண்டு துணி மாதிரி தொங்கியது. கோடு 0.9-க்குக் கொஞ்சம் முன்னால் பூஜ்யத்தைக் கடந்தது, அந்தப் புள்ளியைக் குறித்தது கேள்வி கேட்ட அதே பையன்தான். வெங்காய ஸ்லைடில் நிறம் ஒதுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது, தண்ணீர் விட்டதும் பெரும்பாலான செல்கள் திரும்பிவிட்டன, ஓரத்தில் சில மட்டும் அப்படியே சுருங்கிக் கிடந்தன. உரிக்கும்போது அடிபட்டவையா, உப்பு அதிகம் பட்டவையா என்று வகுப்பில் இரண்டு கட்சி. அடுத்த வாரம் 3 சதவீதத்தில் அதே ஸ்லைடைப் போட்டு, திரும்பாதவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கப் போகிறோம்.