செல்ஃப் ஹோஸ்டிங் என்பதற்குக் ‘கையோம்பல்’: ஒரு முன்மொழிவு

அன்பின் குழுவினருக்கு,

வணக்கம். செல்ஃப் ஹோஸ்டிங் (self-hosting) என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘தற்சார்பு வழங்கல்’, ‘தன்னோம்பல்’ ஆகிய இரண்டு சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. ஓய்வு நேரத்தில் நான் எழுதிவரும் வாசிப்புக் குறிப்பேட்டுச் செயலியின் தமிழ் இடைமுகத்தில் இரண்டையும் ஒரு வாரம் இட்டுப் பார்த்தேன். வெவ்வேறு காரணங்களால் இரண்டுமே பொருந்தவில்லை என்பதால் இம்மடலைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் செயலைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாட்காட்டி, முகவரிப் புத்தகம், ஒளிப்படங்கள், செய்தியோடைகள், படித்த நூல்களின் குறிப்புகள் என ஒருவர் அன்றாடம் புழங்கும் தரவைப் பிறர் நடத்தும் சேவையில் இடாமல், தம் பொறுப்பிலுள்ள கணினியில் மென்பொருளை நிறுவித் தாமே நடத்துவதைத்தான் இச்சொல் குறிக்க வேண்டும். அக்கணினி வீட்டு மூலையில் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியாகவும் இருக்கலாம், மாத வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினியாகவும் இருக்கலாம். ஆகவே ‘வீட்டு வழங்கி’ (ஹோம் சர்வர்) என்னும் எளிய சொல் நமக்கு உதவாது.

‘தற்சார்பு வழங்கல்’ என்பதை முன்மொழிந்த ஐயாவின் நோக்கம் எனக்கும் உவப்பானதே. ஆனால் தற்சார்பு என்பது இச்செயலின் இலக்கு, செயல் அதுவன்று. மேலும் அச்சொல் உண்மைக்கு மிகுதியாக உரிமை கோருகிறது. இணைய முகவரியாக அமையும் ஆள்களப் பெயரை (டொமைன்) ஆண்டுதோறும் பதிவாளரிடம் புதுப்பிக்கிறோம். பாதுகாப்புச் சான்றிதழை 2015 முதல் இலவசமாக வழங்கிவரும் லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்பிடம் பெறுகிறோம். இணைய இணைப்பு தருபவர் மின்னஞ்சல் வழங்கிகள் பேசிக்கொள்ளும் 25ஆம் துறையை (போர்ட்) அடைத்துவிட்டால் வீட்டிலிருந்து மின்னஞ்சலை நேராக அனுப்பவே முடிவதில்லை. பிறரைச் சார்ந்திருக்கும் இடங்கள் இத்தனை இருக்க, பெயரிலேயே தற்சார்பை அறிவிப்பது புதிதாக வருபவரைத் தவறான எதிர்பார்ப்போடு அழைத்து வரும். வேறொரு இடரும் உண்டு. சர்வர் என்பதற்கு வழங்கி நிலைத்துவிட்டதால், ஹோஸ்ட் செய்வதையும் வழங்கல் என்றால், இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும் ஆவணங்களில் பொருள் குழம்பும்.

வினையடியாக ‘ஓம்பு’ வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. விருந்தோம்பலில் உள்ள சொல் என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. ‘ஒழுக்கம் உயிரினும் ஓம்பப் படும்’ என்னும் குறளில் அது இடையறாது காத்துவருதலைக் குறிக்கிறது. நிறுவியதோடு முடியாத இப்பணிக்கு அந்தப் பொருளே அடிப்படை. இதை நான் அனுபவத்தில் அறிந்தேன். செய்தியோடைகளைப் படிக்க நாள்தோறும் பயன்படுத்திய சேவையொன்று மூடப்பட்ட பிறகு, எல்லாவற்றையும் ஒரு சிறு கணினிக்கு மாற்றினேன். சில ஆண்டுகளில் அதன் நினைவக அட்டை பழுதானது. இரவுதோறும் காப்புநகல் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்; ஆனால் தரவுத்தளம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்பை அப்படியே படியெடுத்ததால் பல நகல்கள் சிதைந்திருந்தன. நான் பயன்படுத்திய எஸ்கியூலைட் என்னும் தரவுத்தள மென்பொருளுக்கென்றே உள்ள காப்புநகல் கட்டளையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். எடுத்த நகலை அவ்வப்போது மீட்டுப் பார்த்தும் இருக்க வேண்டும். எட்டு மாத வாசிப்புக் குறிப்புகள் போயின. அவற்றில் சில, நூலைத் திரும்பப் படித்தாலும் மீண்டும் எழுத இயலாதவை. ஒன்றை ஓம்புவது என்றால் என்ன என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

இனித் ‘தன்னோம்பல்’. தற்காப்பு, தற்கொலை, தற்புகழ்ச்சி ஆகிய சொற்களில் ‘தன்’ செயப்படுபொருளாக நிற்கிறது: தன்னைக் காத்தல், தன்னைக் கொல்லுதல், தன்னைப் புகழ்தல். அவ்வழியில் தன்னோம்பல் என்பது தன்னைப் பேணிக்கொள்ளுதல் என்றே பொருள்படும். ‘தன்னாட்சி’ போல ஆறாம் வேற்றுமைத் தொகையாகக் கொள்ளலாமே என்று கேட்கலாம். இலக்கணம் இடங்கொடுக்கும், ஆனால் ஓம்பு என்ற உடனே உயிரையும் உடலையும் நினைக்கும் வாசகர் முதற்பொருளுக்கே போவார். ‘தன்’னை நீக்கிக் கருத்தாவைக் குறிக்கும் ‘தான்’ சேர்த்தால் தானோம்பல் என வரும். அதுவோ தானியங்கியின் சாயலில், ஆளின்றித் தானே நடப்பதைச் சுட்டிவிடும். நாம் சொல்ல வந்ததற்கு அது நேர்மாறு.

இங்கேதான் ‘கை’ எனக்குத் துணைவந்தது. கையாள், கைக்கொள், கைப்பற்று என வினைகளின் முன் கை சேர்ந்து, ஒன்று ஒருவரின் ஆளுகைக்குள் வருவதைக் காட்டுவது தமிழில் நெடுநாள் வழக்கம். அம்முறையில் ‘கையோம்பு’ என்றால், தன் வசத்தில் வைத்துப் பேணு என்பது இயல்பாகப் புலப்படுகிறது. இதைவிட என்னை ஈர்த்தது அதன் எதிர்ச்சொல். மூடப்படும் சேவைகளையும் பராமரிப்பார் இல்லாத மென்பொருளையும் ‘கைவிடப்பட்டது’ என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். கையோம்பு, கைவிடு என்னும் இணை நாம் புனையாமலே மொழியில் காத்திருந்தது போல் எனக்குத் தோன்றுகிறது.

எதிர்ப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். கைபேசி, கைக்கணினி என்பவற்றில் கை சிறுகருவியைக் குறிக்கிறது. ஆனால் அங்கெல்லாம் அது கருவிப்பெயரின் முன் நிற்கிறது, வினையின் முன் வருகையில் அப்பொருள் எழுவதில்லை. இன்னொன்று சற்று ஆழமானது. புறநானூற்றின் ‘ஓம்பா ஈகை’ தனக்கென வைத்துக்கொள்ளாத கொடையைக் குறிப்பதால், ஓம்புதலுக்குப் பிறர்க்கு ஈயாமல் வைத்துக்கொள்ளல் என்ற நிழற்பொருளும் உண்டு. இக்கால வாசகர் காதில் அது ஒலிக்காது என்றே கருதுகிறேன். மாற்றுக் கருத்து உள்ளோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.

எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள் தொகுப்பி (கம்பைலர்). தன் மூலநிரலைத் தானே தொகுக்கும் தொகுப்பிகளையும் ஆங்கிலத்தில் செல்ஃப் ஹோஸ்டிங் என்னும் இதே பெயரால் அழைப்பர். 1962இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் லிஸ்ப் என்னும் நிரல்மொழிக்கு எழுதப்பட்ட தொகுப்பி அவ்வகையில் தொடக்கக்காலத்தது. அங்குச் செய்வதும் செயப்படுபொருளும் தானேயாதலால் ‘தன்தொகுப்பு’ என்று பிரித்துவிடலாம்.

செயலியில் ‘இந்நிரலை நீங்களே கையோம்பலாம்’, ‘கையோம்பும் நாட்காட்டியோடு இணை’, ‘கையோம்பல் வழிகாட்டி’ ஆகிய மூன்று தொடர்களும் தடையின்றி அமர்ந்தன. செய்பவரைக் குறிக்க மட்டும் ‘கையோம்பி’ வேண்டாம் என்பது என் கருத்து. உலாவி, தொகுப்பி, வழங்கி என இகர ஈறு நம் துறையில் கருவிக்கும் நிரலுக்கும் உரியதாகிவிட்டது. ஓட்டுநர், இயக்குநர் என்பவற்றை ஒட்டிக் ‘கையோம்புநர்’ என்று இட்டிருக்கிறேன். நீளம் உறுத்துகிறதா என்று சொல்லுங்கள். அடுத்த பதிப்பை வெளியிடுவதற்குள் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்