கலைச்சொல் வேண்டல்: குத்துச்சண்டைக்கான முன்திட்டமும் மனப்பயிற்சியும்

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். குத்துச்சண்டைப் பயிற்றுநர் கையேடு இவ்வாரம் அச்சுக்குப் போகிறது. எதிராளியை ஆராய்ந்து வகுக்கும் ‘கேம் பிளான்’, போட்டியை மனத்துள் நிகழ்த்திப் பார்க்கும் ‘விஷுவலைசேஷன்’ ஆகிய இரண்டையும் வரைவில் ‘வியூகம்’, ‘காட்சிப்படுத்தல்’ என்று எழுதியுள்ளோம். மேலான சொற்கள் உண்டா?

தமிழாசிரியர்:
ஐயா, ‘வியூகம்’ வடசொல் என்பது இருக்கட்டும்; அது படையை அணிவகுத்து நிறுத்துவதைக் குறிப்பது. கயிறுகளுக்குள் தனியே நிற்பவருக்கு அணி ஏது? 1974இல் கின்ஷாசாவில் முகமது அலி கயிற்றில் சாய்ந்து, ஜார்ஜ் ஃபோர்மனைக் குத்தவிட்டுக் களைக்கச் செய்து, எட்டாம் சுற்றில் வீழ்த்தினாரே, அதற்கு அடிப்படை இருவர் வலிமையையும் எடைபோட்டதே. ‘வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்’ என்னும் குறளில் இது முழுமையாக இருக்கிறது. துணைவலி என்பது மூலையில் நிற்கும் பயிற்றுநருக்கும் பொருந்தும். எனவே ‘வலியறிதல்’ என்க. அன்றேல் ‘களச்சூழ்வு’ என்க. சூழ்தல் என்றால் ஆராய்தல், ‘சூழ்ச்சி’ வஞ்சகமானது பிற்கால வழக்கு.

பயிற்றுநர்:
ஐயா, குறளில் வலி வலிமை; இன்று வலி நோவு. அடிவாங்கித் திரும்பும் வீரரிடம் ‘மாற்றான் வலியை அறி’ என்றால் எதிராளிக்கு எங்கே நோகிறது என்றுதான் அவர் பார்ப்பார். சுற்றுகளுக்கிடையே கிடைப்பது ஒரே நிமிடம். அதற்குள் சொல்லி அதற்குள் விளங்க வேண்டும். ‘களச்சூழ்வு’ சூழ்நிலையாகவே காதில் விழும். ‘ஆட்டத்திட்டம்’ போதும்.

‘காட்சிப்படுத்தல்’ பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். வெற்றியைக் கண்முன் காண்பது மட்டும் பயிற்சியாகாது. முதல் சுற்றில் பின்தங்குவதையும், கடுங்குத்து விழுந்தபின் மூச்சைச் சீராக்கிக் கைக்காவலை மீண்டும் உயர்த்துவதையும், காலடி நகர்வும் உடலுணர்வும் சேர, மனத்துள் திரும்பத் திரும்ப நிகழ்த்த வேண்டும். ஆகவே ‘மனவொத்திகை’ என்கிறேன்.

தமிழாசிரியர்:
‘மனவொத்திகை’ நன்று, உடம்படுமெய்யும் சரியாக வந்துள்ளது. ஒத்திகை, ஒத்துப்பார்த்தல், நாகசுரத்திற்குச் சுருதி தரும் ஒத்து ஆகிய எல்லாம் ஒரே வேரின என்பது என் கருத்து. ஆனால் பொருதலை ‘ஆட்டம்’ என்பதை ஏற்கேன். பொருகளம் போலப் ‘பொருதிட்டம்’ என வினைத்தொகையாக்கலாம், வல்லினமும் மிகாது.

பயிற்றுநர்:
எழுத்தில் அழகாக இருக்கிறது, ஐயா. மூலையிலிருந்து கூவினால் ‘ஒரு திட்டம்’ என்றே கேட்கும்.

மொழிபெயர்ப்பாளர்:
வந்த மடல்களில் பெரும்பான்மை ‘ஆட்டத்திட்டம்’, ‘மனவொத்திகை’ என்றே சொல்கிறது. அவ்வாறே அனுப்புகிறேன்; ‘பொருதிட்டம்’ பின்னிணைப்பில் மாற்றுச்சொல்லாக இடம்பெறும்.

தமிழாசிரியர்:
பின்னிணைப்பில் இடம் தந்தமைக்கு நன்றி. இரண்டாம் பதிப்பின்போது இதே கோரிக்கையுடன் வருவேன்.