‘டுப்’ என்றால் என்ன? நாளை பிள்ளைகள் அந்த வயலைக் கடக்க வேண்டும்

கேள்வி (நவம்பர் 4): வணக்கம். இங்கிலாந்தின் வடக்கே ஒரு கிராமத்தில் மூன்று வாரங்களுக்கு முன் குடியேறினோம். நாளை முதல் வீட்டின் பின்புற வயலில் ‘டுப்’ விடப்போவதாகவும், படலைத் திறந்து போடக்கூடாது என்றும் வீட்டு உரிமையாளர் தொலைபேசியில் கூறினார். அகராதியில் அப்படி ஒரு சொல் அகப்படவில்லை. பிள்ளைகள் அந்த வழியாகத்தான் பள்ளிப் பேருந்துக்குச் செல்கிறார்கள். மிகவும் அச்சமாக இருக்கிறது.

கும்ப்ரியாவிலிருந்து: சகோதரி, என் முதல் குளிர்காலம் முழுவதும் இந்தச் சொற்களோடுதான் போராடினேன். எல்லாம் செம்மறி ஆட்டைப் பற்றியவை: இன்னும் ஈனாத இளம் பெட்டை ‘கிம்மர்’; பால் மறந்தும் முதன்முறை கம்பளி கத்தரிக்கப்படாத குட்டி ‘ஹாக்’; காயடித்தது ‘வெதர்’. ஆங்கிலம் படித்துவிட்டு வந்தும் பக்கத்து வீட்டாரிடம் வாய் திறக்க முடியாமல் நின்ற வேதனையை யாரிடம் சொல்வது?

டெவனிலிருந்து: இங்கே தெற்கில் அதை ‘ராம்’ என்றே சொல்கிறோம். ஆட்டுக்கிடாதானே, அது யாரையும் முட்டாது. வீணாகப் பயப்படாதீர்கள்.

கும்ப்ரியாவிலிருந்து: முட்டாது என்று பிள்ளைகளின் தாயிடம் சொல்லாதீர்கள், ஐயா. என்னை முட்டியிருக்கிறது. அப்போதும் உதவிக்கு யாரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

யார்க்ஷயரிலிருந்து: கேட்டவருக்கு விடை சொல்வோம். எழுத்தில் ‘டப்’, வடக்கத்தியார் வாயில் ‘டுப்’. இரண்டும் செம்மறிக் கிடாவே, நம் பழந்தமிழில் தகர். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள்கள் என்பதால், நவம்பர் 5 அன்று கிடாவைப் பெட்டைகளோடு விட்டால், புல் தளிர்க்கும் ஏப்ரல் தொடக்கத்தில் குட்டிகள் விழும். அதன் நெஞ்சில் பூசிய வண்ணம், இணைந்த பெட்டையின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். பெட்டைகள் சுமார் 17 நாளுக்கொருமுறை பருவத்துக்கு வருவதால், அந்தக் கணக்கில் வண்ணத்தை மாற்றுவார்கள். வண்ணம் பட்ட ஆடுகளைக் கண்டு பிள்ளைகள் காயமென்று பதற வேண்டாம். படல் திறந்திருந்தால் கிடா அடுத்தவர் மந்தையில் கலந்து, அவருடைய ஓராண்டுக் கணக்கே குலைந்துவிடும். உரிமையாளர் வலியுறுத்துவது அதனால்தான்.

இந்தப் பருவத்தில் சாதுவான கிடாவையும் நம்பக்கூடாது. முட்டுவதற்கு முன் அது சில அடி பின்வாங்கும். அதைப் பயந்து ஒதுங்குவதாக எண்ணி முதுகைக் காட்டிவிடாதீர்கள். அந்த வழி பொதுப்பாதையா, உரிமையாளரின் சொந்த நிலமா என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. எதுவாயினும் இன்றிரவே அவரை அழைத்து, பிள்ளைகள் அவ்வழியே நடப்பதைத் தெரிவியுங்கள். நாளை காலை நீங்களே உடன் சென்று, சாலை வழியாகப் பேருந்தில் ஏற்றிவிடுங்கள்.