கனடா சிங்கி இறாலுக்கு மறுபடி வரி போட வேண்டுமா?

மேற்குக்கடல்:
ஐரோப்பிய ஒன்றியம் கனடாவோடு போட்ட வணிக ஒப்பந்தம் 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அன்றே உயிர் சிங்கி இறாலுக்கு இருந்த 8 சதவீத இறக்குமதி வரி போய்விட்டது. 2020 ஆகஸ்ட் முதல் அமெரிக்க இறாலுக்கும் வரி நீங்கியது. அந்த இரண்டு நாடுகளும் சேர்ந்து ஆண்டுக்கு லட்சம் டன்னுக்கு மேல் பிடிக்கின்றன. ஐரோப்பா முழுக்கச் சேர்த்தாலும் சில ஆயிரம் டன்தான். அயர்லாந்தில் சின்னப் படகில் கூண்டு போடுகிறவர் இதற்கு எப்படி ஈடுகொடுப்பார்? வரி திரும்ப வர வேண்டும்.

ரன்ஜிஸ்_இரவுப்பணி:
அண்ணா, அந்தச் சில ஆயிரம் டன்னை வைத்துக் கிறிஸ்துமஸ் தேவையைச் சமாளிக்க முடியாது. பாரிஸ் மொத்தச் சந்தையில் நம் ஐரோப்பிய நீல இறாலுக்குத் தனிப் பெட்டி, தனி விலை, அதுவும் கனடா விலைக்கு மேலே. வாங்குகிற ஆட்களே வேறு.

மேற்குக்கடல்:
பெட்டியில் வேறு. தட்டில்? வெந்தால் இரண்டும் சிவப்பு! மீன்கடையில் எந்தக் கடல் என்று எழுதுவது ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி கட்டாயம், உணவகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எங்கள் ஊர்ப் படகில் ஒருநாள் போயிருந்தேன். நல்ல எடையுள்ள சினை இறால் ஒன்று ஏறியது. வயிற்றடியில் கருமணி போல முட்டைகள். படகுக்காரர் அதன் வால் துடுப்பில் 'வி' வடிவில் ஒரு வெட்டுப் போட்டுக் கடலிலேயே விட்டார். வெட்டு ஆறி மறையும்வரை அதை யாரும் கரைக்குக் கொண்டுவரக் கூடாது. மேலோடு 87 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலும் திரும்பக் கடலுக்குத்தான். இவ்வளவு பொறுப்பாகப் பிடிக்கிறவருக்கு விலையில் ஒரு பாதுகாப்பு வேண்டாமா?

ரன்ஜிஸ்_இரவுப்பணி:
அந்த 'வி' வெட்டு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து மீனவர்களின் பழைய வழக்கம். அங்கேயும் சினை இறாலைத் தொடுவதில்லை. பொறுப்பு நம் பக்கம் மட்டும் என்று சொல்வது நியாயமில்லை.

யார்க்‌ஷயர்_துறை:
இரண்டு பேரும் காலக் கணக்கை விட்டுவிட்டீர்கள். கோடையில் தண்ணீர் சூடாகும்போது இறால் நன்றாக நடமாடும், கூண்டு நிறையும், விலை இறங்கும். டிசம்பரில் விலை ஏறும்போது புயலால் படகு போக முடியாது. இடையில் லாபம் பார்ப்பது குளிர்ந்த கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வியாபாரிதான். இங்கிலாந்தின் பிரிட்லிங்டன் துறைமுகத்தில் இறங்கும் இறாலில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. 2021 ஜனவரியில், பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, சுகாதாரச் சான்றிதழ் கேட்டு லாரிகள் தாமதமானபோது அடிபட்டது உயிர்ச் சரக்கு. அதற்குக் கனடா காரணமில்லையே! துறைமுகத்திலேயே கூட்டுறவுத் தொட்டி கட்டுங்கள். ஆகஸ்டில் பிடித்ததைக் கொடுக்கில் ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்து, விலை ஏறும்போது மீனவரே விற்கட்டும்.

மேற்குக்கடல்:
தொட்டி சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாதக்கணக்கில் தொட்டியில் வைத்தால் இறால் மெலியும், சில செத்தும் போகும், மின்கட்டணம் வேறு. அந்தச் செலவை யார் தாங்குவது? வரியில் வரும் பணத்தைத் தொட்டிக்குக் கொடுக்கட்டும் என்பேன்.

ரன்ஜிஸ்_இரவுப்பணி:
வரிக்கு நான் இப்போதும் எதிர்ப்புதான். உணவகப் பட்டியலில் எந்தக் கடல் என்று எழுத வைப்பதற்கு மட்டும் உங்களோடு நிற்பேன்.