பைபாஸுக்கு 9 நாள், அப்பாவுக்குத் தடிமன்

உப்புவெளி மகள்:
அப்பாவுக்குக் கொழும்பில் இதய பைபாஸ் ஒபரேஷன், இன்னும் 9 நாள். மாரி தொடங்கியதும் பேரனுக்குத் தடிமன். நேற்றிலிருந்து அப்பாவும் இருமுகிறார். சொன்னால் தேதி தள்ளிப்போகுமாம், வாயைத் திறக்காதே என்கிறார். கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டு முழிக்கிறேன். என்ன செய்ய?

ஓய்வுபெற்ற தாதி:
மறைக்காதீர்கள் பிள்ளை, இன்றே வார்டுக்குப் போன் எடுங்கள். வைரஸ் சுவாசக்குழாயைப் புண்ணாக்கியிருக்கும்போது நெஞ்சைத் திறந்தால் சளி தேங்கி நிமோனியா வரலாம், வென்டிலேட்டரில் கூடுதல் நாள் கிடக்க நேரலாம். இருமல் நின்றாலும் குழாய் ஆறச் சில வாரம் எடுக்கும். கோவிட் வந்தவர்களுக்கு 2021இல் 7 வாரம் பொறுக்கச் சொன்னார்கள். இதய அடைப்பு எவ்வளவு அவசரம் என்பதை டொக்டர்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நிலாவெளித் தம்பி:
என் மாமாவுக்கு 3 வாரம் தள்ளினார்கள், திட்டித் தீர்த்தார். காத்திருக்கையில் நெஞ்சுவலி கூடினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அக்கா.

உப்புவெளி மகள்:
சரி, எடுத்துச் சொல்லிவிட்டேன். நாளை வரச் சொன்னார்கள். அப்பா என்னோடு கதைக்கிறார் இல்லை.