குளத்தில நீந்தின நாய்க்கு வால் தொங்கிப்போச்சு, எக்ஸ்ரே தேவையா?

இடம் ஒட்டுசுட்டான். ஆண் நாய், லாப்ரடோர் கலப்பு, நாலு வயசு, 27 கிலோ. ஞாயிறு பின்னேரம் முத்தையன்கட்டுக் குளத்தில கனநேரம் நீந்தினது. திங்கள் விடிய வால் ஈரத்துணி மாதிரித் தொங்குது. அடியில மூண்டு விரல் அளவு மட்டும் கிடையா நிக்குது, அதுக்குக் கீழ அசைவே இல்லை. வாலடியில மயிர் சிலிர்த்திருந்தது, தொட்டா முனகினது, இருக்கேக்க ஒரு பக்கமாச் சரிஞ்சுதான் இருந்தது.

மயிரை விலக்கிப் பார்த்தாச்சு: உண்ணி, கடிகாயம், முள்ளு ஒண்டும் இல்லை. வாலெலும்பைக் கணுக்கணுவாத் தடவினன், நெறுநெறுப்பு இல்லை. குதச் சுரப்பியை மிருக வைத்தியர் அமத்திப் பார்த்தவர், அடைப்பில்லை. பின்னங்கால் உறுதி, மூத்திரம், மலம் கட்டுப்பாட்டில போகுது. அதால முள்ளந்தண்டு நரம்புப் பிரச்சினையா இருக்கிற சாத்தியம் குறைவு.

அளவுக்கு மிஞ்சின நீச்சலால வந்த வால்தசைப் பாதிப்பு எண்டு வைத்தியர் சொல்லி மெலொக்சிகாம் எண்ட நோ, வீக்கம் குறைக்கிற மருந்து தந்தவர்: முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பிறகு 0.1, சாப்பாட்டோட. ஓட்டமும் நீச்சலும் நிப்பாட்டியாச்சு. தயவுசெய்து பனடோல், இபுபுரூஃபன் குடுக்கச் சொல்லாதேங்கோ. முந்தினது ஈரலையும் பிந்தினது குடலையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கும்.

வழமையா இது சில நாளிலயோ, பிந்தினா ரெண்டு கிழமைக்குள்ளயோ சுகப்படும். இண்டைக்கு எட்டாம் நாள். நோ குறைஞ்சிட்டுது, நுனியை நுள்ளினா திரும்பிப் பார்க்குது, ஆனா வால் இன்னும் எழும்பேல்லை.

நோ குறைஞ்சும் அசைவு வராத இந்த நிலையில இன்னும் ஒரு கிழமை பொறுக்கலாமா, இல்லாட்டி வாலெலும்பில வெடிப்பு இருக்கோ எண்டு பார்க்க இப்பவே எக்ஸ்ரேக்குக் கொண்டுபோக வேணுமா?